சிவப்பணு மறந்தது, குழாய் மறக்கவில்லை: செட்டியார் தெருப் பத்தர் ஒருவரின் சீனி வருத்தம்

2024 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் டிஸ்பென்சரி மேசையில் ஒரு பெண் இரண்டு பொருட்களை வைத்தார். ஒன்று தகப்பனின் கிளினிக் கொப்பி. மற்றது தகப்பனின் சேர்ட் பொக்கற்றிலிருந்து எடுத்த டொபித் தாள், நான்காக மடித்தது.

"டொக்டர், அப்பா எங்களுக்குத் தெரியாமல் இனிப்புச் சாப்பிடுறார். இல்லாட்டி கண் ஏன் இப்பிடி ஆகுது?"

தகப்பன் பக்கத்துக் கதிரையில் வாய் திறக்காமல் இருந்தார். வயது 62. செட்டியார் தெருவில் நாற்பது வருடத்துக்கு மேலாகத் தங்க வேலை செய்யும் பத்தர். தாலிக்கொடியின் கொக்கி, தோட்டின் திருகு என்று நுணுக்கமான வேலைகளுக்கு மற்றப் பட்டறைக்காரரும் அவரிடம்தான் கொடுத்து விடுவார்கள். ஒரு கிழமையாக வலக்கண்ணில் "பூச்சி பறக்குது" என்றார். நகையை ஒட்டவைக்கப் பொடி வைத்து ஊதும்போது பொடி எது, பூச்சி எது என்று தெரியவில்லையாம்.

அவரும் மகளும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கொப்பி சொன்னது

2008இல் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது. அப்போது வயது 46. அடுத்த பதினொரு வருடமும் நம் ஊரில் நூறு பேரிடம் கேட்கக்கூடிய கதைதான்: குளிசை தந்தால் ஒரு மாதம் போடுவார், உடம்பு சுகமாக இருக்கிறது என்று விட்டுவிடுவார், பிறகு யாரோ சொன்ன பாவற்காய்ச் சாறு. எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சீனியைச் சராசரியாகக் காட்டும் இரத்தச் சோதனை, இலக்கம் கூடினால் சீனி கூட) 2012இல் 10.4, 2016இல் 11.1, 2019இல் 9.8. அந்த 2019இல் கண்ணையும் ஒருமுறை காட்டியிருந்தார். விழித்திரையில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள், வேறொன்றுமில்லை, வருடா வருடம் வரவும் என்று எழுதியிருந்தது.

2020இல் அவருடைய தமையனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தார்கள். ஊரடங்கு நேரம். அந்தக் காலை எடுத்ததை நேரில் பார்த்தவர் போலத்தான் அதற்குப் பிறகு நடந்துகொண்டார். இன்சுலின் வேண்டாம் என்று பத்து வருடம் சொன்னவர், தானாக வந்து "ஊசியைத் தாங்கோ" என்று கேட்டார். இரவுச் சோறு நின்றது. பாணும் சீனிச் சம்பலும் நின்றன. பட்டறைக்குக் கொண்டுவரும் பால் தேத்தண்ணி பிளேன்டீயாகி, அதற்குப் பிறகு சீனியில்லாப் பிளேன்டீயானது. 2021 தொடக்கத்தில் 7.1. அதற்குப் பிறகு 6.9, 6.6, 6.8. மருந்துக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற 2022இலும் 7ஐத் தாண்டவில்லை. அந்த வருடம் எத்தனையோ பேரின் இலக்கம் கையை விட்டுப் போனது, இவருடையது போகவில்லை.

சரி, அப்படிப்பட்டவருக்கு 2024இல் கண்ணுக்குள் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. ஒன்று கசிந்ததைத்தான் அவர் பூச்சி என்றார்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 2019க்குப் பிறகு ஐந்து வருடமாக அவர் கண்ணைக் காட்டவில்லை. முதலில் கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி, அது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் 6.6, 6.8 என்ற றிப்போட்டைப் பார்த்து "அருமை ஐயா" என்று கொப்பியை மூடியவன் நான். நல்ல இலக்கம் என் கண்ணைத்தான் முதலில் மறைத்தது.

டொபித் தாள்

மகளின் குற்றச்சாட்டை நான் தள்ளிவிடவில்லை. களவாகச் சாப்பிடுவது இந்த வருத்தத்தில் புதிதில்லை. கிளினிக்குக்கு வரும் கிழமை மட்டும் பத்தியம் இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எச்பிஏ1சியை அப்படி ஒரு கிழமையில் ஏமாற்ற முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

இரத்தத்தில் ஓடும் குளுக்கோசு, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் தானாகவே போய் ஒட்டும். அதற்கு நொதி தேவையில்லை, உடலின் அனுமதியும் தேவையில்லை. சீனி கூடினால் கூட ஒட்டும், குறைந்தால் குறைய ஒட்டும். ஒட்டியது பெரும்பாலும் கழராது. சிவப்பணுவுக்குக் கரு கிடையாது, ஒட்டியதைத் திருத்தப் புதிதாக ஒன்றைச் செய்யவும் தெரியாது. ஏறக்குறைய 120 நாள் ஓடி, மண்ணீரலில் முடிந்துபோகும். நாம் லேப்பில் பார்ப்பது, அந்த நாட்களில் எவ்வளவு ஒட்டியது என்ற கணக்கை. மூளைக்கு வெளியே ஓர் உயிரணு பட்ட அனுபவத்தைப் பதிந்து வைப்பதற்கு இதைவிட எளிமையான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அணு செத்தால் பதிவும் போச்சு. நான்கு மாதத்துக்கு முன் நடந்ததைக் கேட்டால் இன்றைய சிவப்பணுவுக்குத் தெரியாது. அது அப்போது பிறக்கவேயில்லை.

இந்தச் சோதனை பிழைக்கும் இடங்களும் உண்டு. இரத்தம் ஏற்றியிருந்தால், சிவப்பணு வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாகும் வருத்தம் இருந்தால், தலசீமியாக் கூறு (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறை) இருந்தால் இலக்கம் பொய் சொல்லலாம். ஆகவே முழு இரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 13.4, அணுக்களின் வடிவத்திலும் குறையில்லை. இரண்டு கிழமைக்கு வீட்டு மீட்டரில் நாளுக்கு நான்கு முறை குத்திப் பார்க்கச் சொன்னேன். மகள் எழுதிய தாளை நான் கேட்கவில்லை. மீட்டரையே கொண்டுவரச் சொல்லி, அதன் மெமரியைத் தட்டிப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 104இலிருந்து 131 வரை. சாப்பாட்டுக்குப் பிறகு 170ஐத் தாண்டியது மூன்றே முறை. ஒரு முறை 62.

அந்த 62தான் டொபித் தாளுக்குப் பதில். இன்சுலின் போடுபவருக்குச் சீனி திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்போது வாயில் போட ஒரு டொபியோ சீனிப் பொட்டலமோ எப்போதும் பொக்கற்றில் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். மகளிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் அப்போதுதான் அதைப் பற்றி முதல் முறையாகப் பேசினார்: "அண்டைக்கு ஊதுகுழலோட கை நடுங்கினது பிள்ளை. நெருப்புக்கு முன்னால இருந்தனான்."

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா."

"சொன்னா பட்டறைக்கு விடமாட்டாய்."

வேறு என்னவாக இருக்கலாம்

நீண்ட நாள் உயர்ந்திருந்த சீனியைத் திடுதிப்பென்று இறக்கினால் விழித்திரை சில காலம் மோசமாவதுண்டு. இது பல வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வருவது. இவருக்கு இறக்கியது 2020இல். ஆனாலும் இடையில் கண்ணைப் பார்க்காமல் விட்டதால், அந்த முதல் வருடத்தில் எதுவும் தொடங்கவேயில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பிரஷர் 134க்கு 82, அது பரவாயில்லை. சிறுநீரில் புரதம் கொஞ்சம் கசிந்தது, முந்தின வருடத்தைவிடக் கூட. அதாவது கண் மட்டுமில்லை, சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களும் அதே திசையில் நடந்துகொண்டிருந்தன. இலக்கம் நன்றாக இருக்கும்போதே.

நாய்களில் இதை முன்பே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கர்மன், கேர்ன் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவுள்ள நாய்களை இரண்டரை வருடம் மோசமான கட்டுப்பாட்டில் விட்டார்கள். அந்தக் கட்டத்தில் விழித்திரையில் பெரிதாக ஒன்றுமில்லை. பிறகு இரண்டரை வருடம் இன்சுலின் கொடுத்து நன்றாகக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நல்ல காலத்தில்தான் பாதிப்பு வெளியே வந்தது. முதன்முதலில் இதை வாசித்தபோது நாய்க்குத்தானே என்று கடந்துபோனவன், இப்போது அதே வரிசையை ஒரு மனிதரின் கொப்பியில் பார்க்கிறேன். 2019இல் இரண்டு மூன்று புள்ளி. நல்ல நான்கு வருடத்தின் முடிவில் புதிய குழாய்கள்.

மனிதர்களில் வலுவான சான்று டிசிசிடி என்ற ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை (உடல் இன்சுலினே சுரக்காத வகை) நீரிழிவுள்ள 1441 பேர், 1983 முதல் 1993 வரை. ஒரு பாதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு, எச்பிஏ1சி 7 அளவில். மறு பாதிக்கு அந்தக் காலத்து வழக்கமான சிகிச்சை, 9 அளவில். ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் இறுக்கமான சிகிச்சையைக் கற்றுக்கொடுத்து, 1994இலிருந்து பின்தொடர்ந்தார்கள். சில வருடங்களில் இரண்டு குழுவின் இலக்கமும் 8க்குக் கிட்ட வந்து ஒன்றாகிவிட்டது. கண்ணும் சிறுநீரகமும் ஒன்றாகவில்லை. பழைய 9காரர்களுக்குப் பாதிப்பு தொடர்ந்து கூடுதலாக வந்தது. இதற்கு வைத்த பெயர்தான் வளர்சிதை நினைவு.

எங்கள் பத்தருக்கு இரண்டாம் வகை, உடல் இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தாத வகை. அதற்கு பிரித்தானியாவின் யூகேபிடிஎஸ் ஆய்வு இருக்கிறது: 1977இல் தொடங்கி, புதிதாக வருத்தம் கண்ட 5102 பேர். ஆய்வு முடிந்த ஒரு வருடத்துக்குள் குழுக்களுக்கு இடையிலான எச்பிஏ1சி வித்தியாசம் மறைந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 2008இல் பார்த்தால், தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு. இங்கே குழாய்கள் நினைவில் வைத்திருந்தது நல்ல காலத்தை.

எங்கே எழுதி வைக்கிறது

இரத்தக்குழாயின் உட்சுவரில் ஓர் அடுக்கு உயிரணு இருக்கிறது. சிவப்பணுவைப் போல இதற்குக் கரு இல்லாமல் இல்லை. கருவுக்குள் மரபணு நூல் (டிஎன்ஏ), நூற்கட்டையில் சுற்றியது போல ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றிக் கிடக்கும். எந்த இடம் தளர்ந்திருக்கிறதோ அந்த மரபணு வேலை செய்யும். எங்கே தளர வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்பதற்கு ஹிஸ்டோனில் சின்ன இரசாயன முத்திரைகள் குத்தப்படும். மரபணுவின் எழுத்து மாறாது. தோட்டின் பின்னால் குத்தும் 22 கரட் முத்திரை தங்கத்தை மாற்றுவதில்லை, ஆனால் கடைக்காரர் அதை எப்படி நடத்துவார் என்பதை மாற்றுகிறது இல்லையா, அதுபோல.

மெல்பேர்னில் எல்-ஓஸ்டா என்பவரின் குழு 2008இல் மனித இரத்தக்குழாய்ச் சுவர் அணுக்களைத் தட்டில் வளர்த்து, 16 மணி நேரம் மட்டும் உயர்ந்த குளுக்கோசில் வைத்தது. பிறகு சாதாரண அளவுக்குத் திருப்பியது. ஆறு நாள் கழித்தும் பி65 என்ற மரபணுவின் பக்கத்தில் குத்தப்பட்ட முத்திரை அப்படியே இருந்தது. பி65 அழற்சியைக் கிளப்பும் விசையின் ஒரு பாகம். பதினாறு மணி நேரம் என்பது ஒரு கலியாண வீட்டுப் பந்திக்கும் மறுநாள் காலைக்கும் இடைப்பட்ட நேரம். ஆனால் அவர்கள் தட்டில் வைத்த அளவு சாதாரணத்தின் ஆறு மடங்கு. ஆகவே ஒரு லட்டுக்கு யாரும் பயப்பட வேண்டாம். பதினொரு வருடம் என்றால் கதை வேறு.

இன்னொன்று, எனக்கு இதைவிட வியப்பானது. டிசிசிடியில் இருந்தவர்களின் இரத்தத்தைக் கலிபோர்னியாவின் சிட்டி ஒஃப் ஹோப்பில் ராமா நடராஜனின் குழு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. டிசிசிடி முடிந்தபோது வெள்ளணுக்களில், ஹிஸ்டோனில் இல்லாமல் டிஎன்ஏ மீதே சில இடங்களில் இருந்த முத்திரைகள், 16, 17 வருடம் கழித்து எடுத்த இரத்தத்திலும் இருந்தன. அவர்கள் பார்த்த அந்த வகை வெள்ளணு இரத்தத்தில் சில நாள்தான் வாழும். அப்படியென்றால் முத்திரை இருந்தது அந்த அணுவில் இல்லை. எலும்பு மச்சையில் அதைப் பெற்றுத் தள்ளும் தாயணுவில் இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை கைமாறி வந்திருக்கிறது.

சுவருக்கு வெளியே இன்னொரு பதிவும் உண்டு. ஹீமோகுளோபினில் ஒட்டுவது போலவே கொலாஜன் புரதத்திலும் சீனி ஒட்டி, காலப்போக்கில் பிணைந்து இறுகும். சிவப்பணு நான்கு மாதத்தில் போய்விடும். தோலின் கொலாஜன் பாதி மாறவே ஏறக்குறைய 15 வருடம் எடுக்கும். ஆக, ஒரே ஆளின் உடம்பில் ஒரே சீனியைப் பற்றி இரண்டு மூன்று கணக்குப் புத்தகம். நாம் லேப்பில் காசு கட்டிப் பார்ப்பது அடிக்கடி கிழித்தெறியும் புத்தகத்தை.

பத்தரின் கண்ணில் இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னிடம் அளவுகோல் இல்லை. அவர் விழித்திரையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க முடியாது. கட்டுப்பாடு நன்றாக இருந்தது, சோதனை பொய்யில்லை, வந்த காலம் பொருந்துகிறது. ஒரு வழக்கிலிருந்து அவ்வளவுதான் எடுக்கலாம்.

வாட்ஸ்அப் செய்தி

அந்த வருடக் கடைசியில் மகள் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: சிறுநீரகத்துக்கும் ஞாபகசக்தி உண்டாம், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு. கீழே, இருதயம் மாற்றியவருக்கு முந்திய ஆளின் ஆசைகள் வந்த கதையும் சேர்த்து ஒட்டியிருந்தது. "இதுவா டொக்டர் அப்பாவுக்கு?"

இருதயக் கதையை விடுங்கள். சம்பவங்களாகச் சொல்லப்படுபவைதான் அவை, அவற்றை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் சிறுநீரகச் செய்தியின் அடியில் உண்மையான ஆய்வு இருந்தது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் குகுஷ்கின், கேரூ ஆகியோரின் குழு, 2024 நவம்பர். மூளை பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: பரீட்சைக்கு முதல் நாள் ஒரே மூச்சில் படிப்பதைவிட, இடைவெளி விட்டு நாலு தரம் படித்தால் நிற்கும். 1885இல் எபிங்காஸ் எழுதியது. இந்தக் குழு நரம்பணு அல்லாத இரண்டு வகை மனித அணுக்களைத் தட்டில் எடுத்தது. ஒன்று சிறுநீரகத்திலிருந்து வந்த வகை. நினைவுக்கான மரபணு விசை திறந்தால் ஒளி தரும்படி அதில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். மூன்று நிமிட இரசாயனத் தூண்டுதலை, பத்து நிமிட இடைவெளியில் நான்கு முறை கொடுத்தார்கள். இன்னொரு தட்டுக்கு அதே பன்னிரண்டு நிமிடத்தை ஒரேயடியாகக் கொடுத்தார்கள். மறுநாள் பார்த்தால் இடைவெளி விட்டுக் கொடுத்த தட்டு கூடுதலாக ஒளிர்ந்தது. மூளையில் நினைவைப் பதியும் அதே ஈஆர்கே, கிரெப் என்ற புரதங்களைத் தடுத்தால் அந்த வித்தியாசம் போய்விட்டது.

மகளுக்கு எழுதினேன்: இது அப்பாவின் கதை இல்லை. அங்கே அணு, எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று பிரித்தறிந்தது. சிவப்பணு எதையும் பிரித்தறியவில்லை, ஒட்டியதைச் சுமந்தது. குழாய்ச் சுவர் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. மூன்றுக்கும் நினைவு என்ற ஒரே சொல்லைப் போடுவது எனக்கு அவ்வளவு பிடித்தமில்லை. ஆனால் அவரவர் இடக்கையில் பிறந்ததும் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பைத் தடவிப் பார்த்தால், உடம்பு பலவற்றைப் பலவிதமாக வைத்திருக்கிறது என்பதில் சந்தேகம் வராது.

அவர் ஒரு வரியில் திருப்பிக் கேட்டார்: "அப்ப இந்த நாலு வருசம் பட்ட பாடு வீணா?"

பட்டறையில்

அதற்கான பதிலை நான் செட்டியார் தெருவில் வைத்துத்தான் சொன்னேன். கண்ணுக்கு லேசர் செய்து, கண்ணில் ஒரு ஊசியும் போட்டு, கசிவு அடங்கியிருந்தது. அவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்க்கப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம். மேசையில் சாமணம், சின்ன உளி, கரி அப்பிய ஓடு. மடியில் விழும் தங்கத் தூளைப் பிடிக்கத் தோல் விரிப்பு. புதிதாக ஒரு பெரிய உருப்பெருக்கி விளக்கு. ஒரு கம்பியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தட்டத் தட்டத் தங்கம் இறுகும், இன்னும் தட்டினால் வெடிக்கும். ஒரு கட்டத்தில் நிறுத்தி, நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து, ஆறவிட்டார். திரும்ப மெழுகுபோல வளைந்தது.

"தட்டினதெல்லாம் தங்கத்துக்கு ஞாபகம் இருக்கும் டொக்டர். காய்ச்சினா மறந்திடும். எனக்கு அப்பிடி ஒரு காய்ச்சு இல்லையோ?"

இல்லை என்றேன். அந்த முத்திரைகளைக் கழற்றும் மருந்துகளைப் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன, இவர் கைக்கு வந்த ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வருடம் வீணில்லை. 11இல் தொடர்ந்திருந்தால் இந்த இடத்துக்கு இன்னும் முன்பே வந்திருப்பார், லேசரின் பலனும் இவ்வளவு நின்றிருக்காது. சுவரில் பழையது மட்டுமா எழுதப்படுகிறது, 2020க்குப் பிறகு நடந்ததும் எழுதப்படுகிறது. யூகேபிடிஎஸ்காரர்களிடம் பத்து வருடம் கழித்து வெளியே வந்தது அதுதான்.

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா, மரியாதைக்கா என்று தெரியவில்லை. இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண் காட்டுகிறார். வலக்கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் இருட்டு, லேசரின் விலை அது. கொக்கி வேலையை விட்டுவிட்டார், வளையலும் காப்பும் செய்கிறார். எச்பிஏ1சி 6.9. நான் இப்போது அந்த இலக்கத்தைப் பார்ப்பதற்கு முன் கண் படத்தைக் கேட்கிறேன்.

நான் எழும்பும்போது எதிர் மேசையில் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்த தமையன் மகனைக் கூப்பிட்டார். கால் எடுத்தவரின் மகன், முப்பத்துநாலு வயது, ஒரு முறையும் இரத்தம் பார்த்ததில்லை. "டொக்டரோட போ, இப்பவே போ, நெருப்பை நான் பாக்கிறன்" என்றார். பெடியன் ஊதுகுழலை வைத்துவிட்டு என் பின்னால் வந்தான். அவனுக்கு 8.2. புதுக் கொப்பி ஒன்று போட்டேன்.